பேத்தியைக் கேட்டில் நிறுத்தியவன்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு காலை

லண்டனில் இருக்கும் அன்பு மகள் ரமணிக்கு அப்பா கன்னையா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஜனகாவும் நலந்தானே?

எழுத்து மேலும் கீழுமாக ஓடுகிறது, மன்னித்துக்கொள். 'ற' இன்னும் அடங்கவில்லை. ஆனால் இது யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. எழுபத்திரண்டு வயதில் என் கையே எழுதியது. எழுதி முடிக்க இரண்டு நாளாயிற்று.

முட்டிவலி பரவாயில்லை. கீழ்வீட்டுத் தங்கமணி குழம்பு அனுப்புகிறாள், உப்புதான் கூடுதல்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஜனகா போனில், பள்ளி விடுமுறைக்கு வரட்டுமா தாத்தா என்று இங்கிலீஷில் கேட்டாள். என்னென்ன பார்க்க ஆசை, யாரோடு வருவாய், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ, "வாட் பர்பஸ்? ஹூ கம் வித் யூ? வாட் டைம் கோ பேக்?"

பிள்ளை போனை உன்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். தாத்தாவுக்கு நான் வருவது பிடிக்கவில்லை என்று அழுதாளாம். நான்கு ஞாயிறாகப் போனுக்கே வரவில்லை. நீயும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாய்.

முப்பது வருடம் கொண்டோ அடுக்குமாடி கேட்டில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான் அம்மா. வருகிறவர்கள் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். என்ன எழுதினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. தலையை ஆட்டித் தடுப்புக் கட்டையைத் தூக்குவேன்.

எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு ஆசிரியை அமுதவள்ளியிடம் இதைச் சொன்னேன். "என்ன அங்கிள், பேத்தியையே கேட்ல நிறுத்தி விசாரிச்சிட்டீங்களா!" என்று சிரித்தார். பிறகு ஜனகாவுக்கு அனுப்ப நீளமாக, அழகாக இங்கிலீஷில் எழுதித் தந்தார். பாதி எனக்கே புரியவில்லை டீச்சர், வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் நானே எழுதினேன். தப்பு நிறைய இருக்கிறதாம். இருக்கட்டும், ஒவ்வொரு சொல்லும் என்னவென்று எனக்குத் தெரியும்.

போனில் வராதவள் தாளையாவது பார்ப்பாள். இதோடு வைத்திருக்கும் பச்சைத் தாள் அவளுக்கு. திருத்தாமல் படித்துக் காட்டு: "ஜனகா, யூ கம். நோ நீட் சைன். கேட் ஆல்வேஸ் ஓப்பன். கோ பேக் டைம், நோ ஹேவ்."

டிக்கெட்டை இந்த வருடமே எடு அம்மா. முருகன் துணையிருப்பான், பிள்ளை நூறாண்டு நன்றாக இருப்பாள். அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்குள் 'ற' நேராகிவிடும்.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும் உன் அப்பா,
கன்னையா