படகுக்கு மோட்டார் வைக்கும் விஷயமாக

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் இடது கட்டைவிரலைத் தவிர. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் வரிசையாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் பாய்மரப் படகின் டீசல் எஞ்சின் கடைசியில் கண்ணை மூடிவிட்டது. ஆயுள் முழுவதும் பஸ் டிப்போவில் டீசலோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா அப்பா, அதைப் பிரித்துப் போட்டுவிட்டு இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பிறகு உனக்குப் போன் செய்தார். நீயும் கப்பல் பட்டறையில் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவள், அப்பனுக்குத் தப்பாத பெண்ணாக, "புது டீசலே போடுங்கப்பா, பேட்டரிய நம்பிக் கடல்ல இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டாய். பக்கத்தில்தான் நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். மின்சார மோட்டார்தான் வைக்கப்போகிறோம்.

இப்போது விரல் கதை. எஞ்சின் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், படகைத் துறையில் அணைக்கும்போது நடந்தது. நான் முன்முனையில் கயிற்றோடு நிற்பேன், அவர் பின்னால் சுக்கானைப் பிடித்திருப்பார், நடுவில் அந்த எஞ்சின் கத்தும். அதனால் எங்களுக்குள் எல்லாம் கைச்சாடைதான். கையைத் தூக்கினால் முன்னே வா, பக்கத்தில் நீட்டினால் நிறுத்து. அன்றைக்குக் காற்றில் என் தொப்பி கிளம்பியது, என்னை அறியாமல் கையைத் தூக்கி அதைப் பிடித்தேன். அவர் உத்தரவு கிடைத்த சிப்பாய் மாதிரி முடுக்கிவிட்டார். கயிற்றுக்கும் அதைக் கட்டுகிற துறைக் கட்டைக்கும் நடுவில் என் விரல், நிறுத்துங்க நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அவர் சிரித்த முகத்தோடு வந்துகொண்டே இருக்கிறார். எலும்பு தப்பியது, நகம் போயிற்று. பாய்களுக்கு ஒட்டுப் போடும்போது துணியை அமுக்கிப் பிடிக்கிற விரல் அது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை அவர் காது. வலது காது ஏறக்குறையப் போய்விட்டது, இருப்பதாவது நிலைக்க வேண்டுமானால் எஞ்சின் சத்தத்தை விட்டு விலகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பா இதை உன்னிடம் மூச்சுவிட்டிருக்க மாட்டார்.

நீ சொல்வது தப்பென்று நான் சொல்லவில்லை. டாங்கை நிரப்பிக்கொண்டால் காற்றே இல்லாவிட்டாலும் டீசல் இரவு பகலாக இழுக்கும். பேட்டரி, மெதுவாகவே போனாலும், அரைப் பகல்கூடத் தாங்காது. எதிர் நீரோட்டத்தில் இன்னும் சீக்கிரம் தீரும், சோலார் தகடு அதை மறுபடி நிரப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்பாவும், "நடுக்கடல்ல காத்து நின்னுபோச்சுன்னா என்னடி பண்ணுவே?" என்றார். உட்கார்ந்திருப்பேன் என்றேன். பாய்மரப் படகை வாங்கி வைத்துக்கொண்டு காற்றுக்குக் காத்திருக்க மாட்டேன் என்றால் எப்படி, ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா? பக்கத்துப் படகுக்காரர் பல் டாக்டர், மோட்டார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு போய், சுக்கானை அப்பாவிடம் கொடுத்தார். நான் வழக்கம்போல் முன்னால் நின்றேன். திரும்பவுமில்லை, கத்தவுமில்லை, வீட்டில் பேசுகிற குரலில் "கொஞ்சம் மெதுவா போங்க" என்றேன். "சரிடி" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கும்போது அப்பா, "எஞ்சினே இல்லாத மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். அதுதானே வேண்டும் என்றேன்.

இதில் நஷ்டம் உனக்குத்தான், அதை மறைக்க மாட்டேன். டீசல் இருந்தால் குறுக்கே அந்த நீரிணை வழியாகத் தேதி சொல்லி உன் ஊர்த் துறைக்கு வந்து சேரலாம். இந்தப் பருவத்தில் அங்கே காற்று அசையாது, மோட்டாரை நம்பி அதைத் தாண்ட முடியாது. நாங்கள் வெளிக்கடல் வழியாகத் தீவுகளைச் சுற்றித்தான் வர வேண்டும். ஆகையால் எங்களுக்காகப் போட்ட லீவை ரத்து செய்துவிடு. உன்னைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன, எனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா? ஆனாலும் காது போன அப்பா சீக்கிரம் வருவதைவிட, காது கேட்கிற அப்பா தாமதமாக வரட்டும். இனி போனில் டீசல் பேச்செடுத்து அவருக்கு ஆசை காட்டாதே. பட்டறையில் நீயும் காதடைப்பான் போட்டுக்கொள், அப்பனைக் கொண்டு பிறந்தது போதும்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், மனம் ஒத்து நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. துறையில் எஞ்சின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்காதே, சத்தம் வராது. பெரிய பாயில் நீலத் துணியால் ஒட்டுப் போட்டிருக்கிறேன், அதுதான் அடையாளம். அது கண்ணில் பட்டதும் "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிடு, அவருக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன்னை நினைக்காத நாளில்லாத
அம்மா