ஒன்றரை மணி நேரத் தூரம்

12 ஆகஸ்ட் 1957, திங்கள். பொகவந்தலாவை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை விடுமுறைக்கு லண்டன் போகிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன் என்பதால், விமான அட்டவணையைப் பார்த்து அவர் எப்போது போய் இறங்குவார் என்று கணக்கிடும் வேலை தோட்ட ஆபீஸில் எனக்கு வந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் மைல். வழியில் இறங்கி ஏறி, ஒன்றரை நாள்.

அதே தாளின் அடியில் திருச்சியும் இருந்தது. ஒன்றரை மணி நேரம். தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா விரல்களை மடக்கினார். "அப்ப விடிய பேரு கூப்பிடுற பெரட்டு நேரத்துல ஏறுனா, காலக் கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள தம்பி தலமாட்டுல நிக்கலாம்."

சித்தப்பா திருச்சியில் சாகக் கிடக்கிறார். அப்பாவுக்கு இங்கேயும் பிரஜாவுரிமை இல்லை, அங்கேயும் இல்லை. சித்தப்பா படுத்த வாரமே பயணப் பத்திரத்துக்குப் போட்ட மனு, எட்டு மாதமாகக் கொழும்பில் கிடக்கிறது.

"தொரையோட ஊருக்கு?"

"ஒன்றர நாளுப்பா."

"அப்ப தொரைய விட நமக்குத்தான்டா ஊரு கிட்ட." சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு காகிதம் எடுக்கச் சொன்னார். "பொறப்பட்டுட்டேன்னு தம்பிக்கு எழுது."

"பொய்யாப்பா எழுதச் சொல்றீங்க?"

"வாசலப் பாத்துக்கிட்டாவது நாலு நாளு கூடக் கெடக்கட்டும்."

எப்படி வருவதாக எழுதுவது என்று கேட்டேன்.

"பிளேன்லன்னு எழுது."

எழுதினேன். கடிதம் போய்ச் சேர ஒரு வாரமாகும். விமானத்தில் புறப்பட்டவர் அதற்கு முன்பே போய் இறங்கியிருக்க வேண்டும். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. உறையை ஒட்டிவிட்டேன்.