மாத்திரைக்கு ஒரு பிடி ஆவாரம்பூ

மதினி,

காலையில் பேத்தி காய்ந்த ஆவாரம்பூவைக் கொதிக்கிற நீரில் போட்டாள். பச்சையும் கசப்புமாக ஒரு வாசனை எழுந்தது. சமையலறைச் சுவர் விலகி, ஊருக்கு மேற்கே இருந்த கரட்டுக் குன்று தெரிந்தது. கரடு முழுக்க மஞ்சள். நடுவில் நீ, மடியைக் கோலிப் பிடித்தபடி.

என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நீ. என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று, அண்ணனுக்கு முந்தி நான்தான் மாத்திரை வாங்க ஓடினேன். ஊருக்குள் மினி பஸ் வந்த புதிது அப்போது.

மாத்திரையைத் தொடமாட்டேன் என்றாய். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாக?"

"அந்தச் செடிய ஆடுகூடக் கடிக்காது. நீ கடிக்கப் போறியாக்கும்?" என்றேன்.

"ஆட்டுக்குச் சர்க்கரை இருக்கா? சொல்லுடி!"

கடைசியில் பேரம் பேசினோம். நான் ஒரு பிடி பூ பறித்துத் தந்தால், நீ என் கண்முன்னால் ஒரு மாத்திரை விழுங்கவேண்டும். விடிகிற நேரத்தில் கரடு ஏறுவோம். புல்லெல்லாம் கருகிய கோடையிலும் அந்தச் செடி பச்சையாக நின்று பூக்கும். வண்டுச் சத்தத்துக்குள் நடக்கையில் கால் தரையில் பாவாது. நீ முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் காட்டுவாய்.

மகள் பிரசவத்துக்கு நான் ஒட்டன்சத்திரம் போன நேரம், உனக்குச் சர்க்கரை குறைந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறைத்தது பூதான் என்று நீயாக முடிவு கட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டாய். நான் திரும்பியபோது உன் கால்விரல் கறுத்திருந்தது.

"முள்ளு குத்திருச்சு. பூவ அரைச்சுக் கட்டியிருக்கேன், ஆறிரும்."

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்கால்வரை. பிறகு நீயே இல்லை. கரட்டில் அன்றைக்கும் பூத்துத்தான் கிடந்தது.

அண்ணன்கூட மனம் ஆறிவிட்டார். நான் ஆறவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒட்டன்சத்திரம் என்ன சீமையிலா இருக்கிறது?

இப்போதும் மத்தியானம் கண்ணயர்ந்தால் வருகிறாய். இரண்டு காலும் முழுசாக இருக்கின்றன. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. நீ நடக்க நடக்க முந்தானையிலிருந்து மஞ்சள் உதிர்கிறது.

"மாத்திரை போட்டியா மதினி?"

நீ சிரிக்கிறாய். நான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன் போல. பேத்தி வந்து எழுப்புகிறாள்.

"யாரை அப்பத்தா கேக்குற? பேரைச் சொல்லு."

சொல்வதில்லை. நீ பதில் சொல்லும்வரை உன் பெயரை நான் சொல்லப்போவதும் இல்லை.