மேல்வீட்டு றேடியேற்றர்

நவம்பர் 9, ஞாயிறு

மேல்வீட்டில் குளிராம். மருமகள் வினோஜா குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மாமா, றேடியேற்றருக்குள்ள காத்து நிக்குது. களகளவெண்டு சத்தம் கேக்குது. பக்கத்தில இருக்கிற சின்ன ஆணியைத் திறந்து காத்தை வெளியில விடவேணும்."

கைபேசியில் எவனோ செய்து காட்டியதைப் பார்த்தாளாம். கியூபெக்குக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தேழு வருடம் பெட்டி தூக்கி இந்த வீட்டை வாங்கியவன் நான். கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், குஞ்சுகளுக்கு மூக்குத் துடைக்கிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

"ஸ்வெற்றரைப் போடும் பிள்ளை" என்றேன்.

நவம்பர் 12, புதன்

றேடியேற்றர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்புகிற பொயிலரில் சூட்டைக் கூட்டினேன். கீழே எனக்கு வேர்க்கிறது. மேலே இன்னும் குளிராம். யன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள், வேறென்ன.

நவம்பர் 16, ஞாயிறு

மகன் பிருந்தன் தூது வந்தான். கொம்பியூட்டர் படித்தவன், பல்ப் மாற்றத் தெரியாது. "பிளம்பரைக் கூப்பிடுவம் அப்பா" என்கிறான். எதற்கு? கீழ்வீட்டு றேடியேற்றர் மூன்றையும் அவன் கண்முன்னே திறந்து காட்டினேன். தண்ணீர்தான் பீறியது.

"எங்கயடா உன்ர மனிசி சொன்ன காத்து?"

"காத்து மேலயெல்லோ போய் நிக்கும். மேல வந்து பாருங்கோ."

போகவில்லை. போனால் அவள் வென்றதாக நினைப்பாள்.

நவம்பர் 23, ஞாயிறு

குழந்தைக்கு இருமல். கரண்ட் ஹீற்றர் ஒன்று வாங்கிக் கொளுவினார்கள். பியூஸ் போய் மேல்வீடு முழுக்க இருட்டு. இவர்களெல்லாம் பட்டதாரிகள்!

நவம்பர் 30, ஞாயிறு

லொங்குய்யில் வீடு எடுத்துவிட்டார்களாம். "கோவத்தில போகேல்லை மாமா" என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்காதது. போகட்டும். ஆற்றுக்கு அந்தப்பக்கம் என்ன, வெயிலா எறிக்கிறது?

டிசம்பர் 14, ஞாயிறு

சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிருந்தனுக்கு லொறியைப் பின்னுக்கு எடுக்கவும் தெரியவில்லை.

ஜனவரி 17, சனி

காலையில் பொயிலரே நின்றுவிட்டது. வெளியே கழித்தல் இருபத்திரண்டு பாகைக் குளிர். வேறு வழியில்லை, பிளம்பர். கியூபெக்காரக் கிழவன், பேஸ்மென்ற்றுக்குப் போய் அழுத்தம் காட்டும் முள்ளைத் தட்டிப் பார்த்தான். தண்ணீர் போதாது, அதனால்தான் தானாக நின்றிருக்கிறது என்றான். பொயிலருக்குத் தண்ணீர் வரும் குழாய் பூட்டிக் கிடந்தது. யார் பூட்டியது என்று கேட்டான்.

நான்தான். ஆகஸ்டில், துளித்துளியாய் ஒழுகுகிறதென்று.

தெரியாது என்றேன்.

குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பினான். பிறகு மேலே போய் சாவி மாதிரி ஒரு சின்னத் திறப்பால் றேடியேற்றர் ஆணியைத் திருகினான். காற்று! சீறிக்கொண்டு போனது, எத்தனை நிமிடம். கடைசியில் துப்பித் துப்பித் தண்ணீர் வந்தது. மூடினான். தொட்டுப் பார்த்தேன், கீழிருந்து சூடு ஏறிக்கொண்டு வந்தது.

அரை மணித்தியால வேலை ஐயா, உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா என்றான்.



திறப்பை என் கையில் தந்தான். குழந்தையின் அறையில் இருந்ததை நானே செய்தேன். இவ்வளவுதானா? இதற்காகவா, மடையா — இதுக்காகவா அந்தப் பிள்ளையைக் குளிருக்குள்ள விட்டனீ?

ஜனவரி 24, சனி

லொங்குய்க்குப் போன் எடுத்தேன். வினோஜாதான் கதைத்தாள்.

"மேல இப்ப நல்ல சூடு, பிள்ளை."

"காத்து எடுத்தீங்களோ மாமா?"

"ஓம்... நீர் சொன்னதுதான்."

குழந்தையின் இருமல் எப்படி என்று கேட்டேன்.

"இங்க வந்த கிழமையே மாறிட்டுது."

ஜனவரி 31, சனி

மேல்வீடு சும்மாதானே கிடக்கிறது, வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அன்டன் வந்தான். இப்ப வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.