கையைப் பிடித்து ரயில் ஏற்றியவர்

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று புது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேரக் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் இருபது பிளாட்பாரங்கள், திருதிருவென்று விழித்தேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் டிக்கெட்டைப் பார்த்தார்.

"ஐயோ, கிளம்பப் போகுதே! ஓடி வாம்மா!"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கி என்னை ரயிலேற்றினார். நேரத்துக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன். நன்றி சொல்லத்தான் மூச்சு இல்லை.

இன்று வேலைக்குப் போகும் வழியில், அதே நிலையத்தில் அவரைத் தேடிப்போய்ச் சொன்னேன்.

"எத்தனையோ பேரை ஏத்திவிட்டிருக்கேன். திரும்பி வந்தது நீ ஒருத்திதான்" என்று கண் கலங்கினார்.

அப்பா, நாலு வரியாவது உங்கள் கையால் எழுதிப் போடுங்கள். போனை வைத்ததும் உங்கள் குரல் போய்விடுகிறது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; ரயில் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்