குளிக்கிறான் என்று சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். கணக்கு என்றாலே அம்மாவுக்குத் தலைவலி, இந்த நோட்டைத் தொடமாட்டாள். அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் போலீஸ் வந்தபோது என் டிராயிங் நோட்டைக்கூடப் புரட்டிப் பார்த்தார்கள்.

அவன் சிறையிலிருந்து வந்து பத்து நாளாகிறது. தண்டனையில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கும்போதே, நன்றாக நடந்துகொண்டான் என்று விட்டிருக்கிறார்கள். இரவு எட்டரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் அந்தப் பதினான்கு மாதமும் உள்ளே.

பள்ளியில் அண்ணன் வெளிநாட்டில் இருப்பதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். "வந்துட்டான்ங்கிறே, ஒரு சாக்லேட்டுகூடக் கொண்டு வரலையா? என்னடி வெளிநாடு அது?" என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்கிறாள்.

அவன் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது வந்திருப்பவன் தட்டு முன்னால் உட்கார்ந்து, யாராவது "சாப்பிடு" என்று சொல்லும்வரை காத்திருக்கிறான். அவனுக்காகவும் பயமாக இருக்கிறது. அவனிடமும் பயமாக இருக்கிறது. எது அதிகம்? தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

விடுதலையாகி வருபவர்களுக்கு உதவுகிற சங்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தாள். உள்ளே அவன் தையல் கற்றிருப்பதால், சோபா தைக்கும் கடையில் வேலை பிடித்துக் கொடுத்தவள் இவள்தான். தினமும் எட்டரைக்கு அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாளாம். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வர இரவு பத்தாகும், போனையும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். அண்ணனிடம் போன் கிடையாது. எடுக்க வேண்டியது நான்தான்.

"வந்துட்டானா, வந்துட்டான்னு சொல்லு. வரலையா, வரலைன்னு சொல்லு. தேடுறது என் வேலை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சிரிக்கிறானா?"

"இல்லக்கா."

"பல்லு இருக்கான்னு பாத்துக்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி விட்டு வரும்போது எதிர்ப்பக்கம் கொக்கு நின்றிருந்தான். அண்ணனின் பழைய கூட்டாளி. அதே நீளக் கழுத்து, புது வண்டி.

"என்ன பாப்பா, வளந்துட்டே. அண்ணன்கிட்ட கொக்கு கேட்டான்னு சொல்லு. எங்க பேரைச் சொல்லாமத்தானே உள்ள போனான்? மறப்பமா?"

அன்பாகத்தான் சொன்னான். நான் ஏன் வீடு வரை ஓடினேன்?

ஜூன் 18

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் அவனைப் பார்க்கப் போய்விடுவானோ?

ஜூன் 20, வெள்ளி

மணி பதினொன்றே முக்கால். அவன் இன்னும் வரவில்லை.

எட்டு மணியிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. எட்டரைக்கு போன் அடித்தது. எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவாள். எடுத்தேன்.

"வந்துட்டானா?"

"குளிக்கிறான்க்கா."

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது? யோசித்தே சொல்லவில்லை. ஒன்பதுக்கு மறுபடி கூப்பிட்டாள். தூங்கிவிட்டான், உடம்பு அசதி என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, சொன்னியே" என்று என் தலையைத் தடவினாள். அவள் கையில் பினாயில் வாசனை. ரெண்டு பேரும் சாப்பிடவில்லை.

கொக்கோடுதான் போயிருக்கிறான். வேறு எங்கே போவான்? போயிட்டான். எல்லாம் போச்சு.

ஜூன் 21, சனி

காலை ஏழே கால் மணிக்கு வந்தான். சட்டை முழுக்கப் பஞ்சுத் தூள்.

"கடைக்குள்ள மாட்டிக்கிட்டேன். பின்னாடி ரூம்ல ஸ்பாஞ்ச் வெட்டிக்கிட்டு இருந்தேன், முதலாளி பாக்காம ஷட்டரைப் பூட்டிட்டுப் போயிட்டாரு."

"தெருவுல அவ்வளவு ஜனம் போகுது, கத்தக்கூடாதா? ஷட்டரைத் தட்டக்கூடாதா?"

அம்மாவின் கேள்வி அவனுக்குப் புரியாத மாதிரி பார்த்தான். "பூட்டிட்டாங்கம்மா" என்றான்.

இதை யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை.

சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நேற்று இரவு மருந்துக்கடை ஒன்றின் பூட்டை உடைத்திருக்கிறார்கள். கொக்கும் இன்னும் இரண்டு பேரும் பிடிபட்டார்கள், நான்காவது ஆள் ஓடிவிட்டான்.

"நேத்து ராத்திரி எங்கே இருந்தே?"

"கடையில மாட்டிக்கிட்டேன் சார்" என்று அண்ணன் சொன்னதும், "வீட்லதான் சார் இருந்தான்!" என்று அம்மாவும் சொன்னதும் ஒரே நேரத்தில்.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "யாராவது ஒருத்தர் முடிவு பண்ணிச் சொல்லுங்கம்மா. நாங்க வெய்ட் பண்றோம்."

வியாழக்கிழமை நன்னடத்தை அதிகாரி முன்னால் விசாரணை.

ஜூன் 22, ஞாயிறு

"வீட்லதான் இருந்தேன்னு நீயும் சொல்லிடு" என்று அம்மா நாள் முழுக்க அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பாப்பா போன்லயே சொல்லிட்டா. அதையே பிடிச்சுக்கோ."

கடைசியில் "சரிம்மா" என்றான். அங்கே இருந்து வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி என்கிறான்.

ஜூன் 23, திங்கள்

பள்ளி விட்டதும் நேராக சோபாக்கடைக்குப் போனேன். முதலாளி வாய் நிறைய ஆணி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலிக்கு லெதர் அடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் ஆணிகளைக் கையில் துப்பினார்.

"நான்தான் பாப்பா பூட்டினேன். எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சு ஏழு மணிக்கே பூட்டிட்டேன். காலைல ஷட்டரைத் தூக்குறேன், சாவிச் சத்தம் கேட்டு எழுந்து நிக்கிறான். சுவரோரமா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. பக்கத்துல சுத்தியல் கிடக்கு. ரெண்டு தட்டு தட்டியிருந்தா டீக்கடைக்காரன் ஓடி வந்திருப்பான். ஏன்டா தட்டலைன்னு கேட்டா, பூட்டினதுக்கப்புறம் சத்தம் போட்டா அடிப்பாங்க சார்ங்கிறான்."



"விசாரணையில இதைச் சொல்லுவீங்களா அங்கிள்?"

"சொல்லுவேன். ஆனா வீட்ல இருந்தான்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே? உங்க பேச்சும் என் பேச்சும் முட்டிக்கிட்டா, வேலைக்காரனைக் காப்பாத்த நான் கதை கட்டுறேன்னுதானே நினைப்பாங்க?"

அண்ணன் சொன்னது உண்மை. என் பொய்தான் அந்த உண்மையின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

எட்டரை. போன்.

"இருக்கானா?"

"இருக்கான். அக்கா... வெள்ளிக்கிழமை அவன் குளிக்கலை. வீட்லயே இல்லை."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"வீட்ல இருந்தான்னு நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன் பாப்பா." திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருக்கலாம். "வியாழக்கிழமை இதை நீ உன் வாயால சொல்லணும். என்னால உனக்காகச் சொல்ல முடியாது. வருவியா?"

வருகிறேன் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

யூனிபார்மோடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சின்ன அறை, இரண்டு பீரோ, எல்லாருக்கும் போதாத நாற்காலிகள். அண்ணன் நின்றுகொண்டிருந்தான். சோபாக்காரர் தன் பங்கைச் சொன்னார். பிறகு நான் என் பொய்யைச் சொன்னேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அவன் கடையில இருக்கான்னு உனக்கு அன்னிக்குத் தெரியாது. அப்ப எதுக்குப் பொய் சொன்னே? எங்க போயிருப்பான்னு நினைச்சே?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமா? பயமா இருந்தது சார் என்று மட்டும் சொல்லியிருக்கலாமா? ஒரு பொய்யை அவிழ்க்க வந்த இடத்தில் இன்னொன்றைக் கட்ட முடியவில்லை.

"கொக்கோட திருடப் போயிட்டான்னு நினைச்சேன்."

கொக்கு பள்ளி வாசலுக்கு வந்ததையும் சொன்னேன். அண்ணன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் அவன் கேட்டான், மெதுவாக: "நீயுமா?"

அம்மா என்னை அடித்திருந்தால் தேவலை.

ஜூலை 3, வியாழன்

கடிதம் வந்தது. உள்ளே அனுப்பவில்லை! நான்காவது ஆள் வேறு ஊரில் பிடிபட்டான். ஆனால் எட்டரை மணிக் கட்டுப்பாடு இன்னும் மூன்று மாதம் நீள்கிறது. விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காகப் போன் அக்காவை எங்கள் வீட்டுப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை கூப்பிட்டாள். "அழாதே. இது என் தப்பு, ஒன்பதுக்கே நான் கிளம்பி வந்து பாத்திருக்கணும்" என்றாள்.

என்ன சமாதானம் சொன்னாலும், அவளுக்கு நடந்தது என்னால்தான்.

அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்தான். ஒரு வாரமாக அவன் என்னோடு பேசுவதில்லை. கேட்டால் "ம்".

ஜூலை 11

"ம்."

ஜூலை 19, சனி

இன்று அண்ணன் என்னைத் திட்டினான்.

சயின்ஸ் சார்ட்டுக்கு அட்டை வெட்ட அவன் பையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். பின்னால் வந்து நின்றதே தெரியாது. "ஏய்! துணி வெட்டுற கத்திரிடி அது! அட்டையை வெட்டினா முனை மழுங்கிடும்! அறிவிருக்கா உனக்கு?" ஜன்னல் அதிருகிற மாதிரி கத்தினான். இந்த வீட்டில் இத்தனை நாளாகக் கேட்காத குரல்.

நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

"கத்திரின்னா எல்லாத்தையும்தான் வெட்டும்! பெரிய கத்திரி! நீயே வச்சுக் கும்பிட்டுக்கோ!"

"கேக்காம எடுத்தது போதாதுன்னு வாயைப் பாரு! குரங்கு!"

"நீதான் குரங்கு!"

அம்மா உள்ளே படுத்திருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்: "ரெண்டு பேரும் வாயை மூடுங்க! மனுஷி தூங்க வேணாம்?"

ரெண்டு பேரும். அம்மா அப்படிச் சொல்லி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.