ஆறாவது லெவலின் மேகங்கள்

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

அண்ணன் நேற்று மறுபடியும் அந்தக் கதையை எடுத்துவிட்டான். கல்யாண வீடுகளில் சொன்னான், பொறுத்தேன். என் மகள் பட்டம் வாங்கிய அன்று சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது இணையத்தில், அவன் நடத்தும் ‘குடைக்காரன்’ ரசிகர் குழுவில், முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு முன்னால்.

கதை இதுதான். எனக்கு எட்டு வயது, அவனுக்குப் பதிமூன்று. வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டி வந்த புதிது. ‘குடைக்காரன்’ ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டம். எனக்கும் வேண்டும் என்று நான் அழுதேனாம். தொல்லை தாங்காமல் இரண்டாவது கண்ட்ரோலரை என் கையில் திணித்து, “நீ மேகத்தைப் பிடிச்சுக்கோ. ‘பிடி’ன்னா பட்டனை அமுக்கு, ‘விடு’ன்னா விடு” என்று உட்காரவைத்தானாம். விடுமுறை முழுக்க நான் நெற்றி வியர்க்க, ஒன்றுக்கும் உதவாத ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேனாம்.

இருநூறு பேர் சிரித்திருக்கிறார்கள். அவன் பிள்ளைகள் இன்றுவரை என்னை ‘மேகச் சித்தப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. மாப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்த ஆட்டம் அவனுக்குக் கோயில். கோயில் சுவரில் எங்கெங்கே விரிசல் என்று எழுதப்போகிறேன். நேர்மையான, நீளமான விமர்சனம். குழுவில் பெயர் போடாமல் எழுதவும் வழி உண்டு. ஆனால் நான் போடுவேன். கொட்டை எழுத்தில்.

மார்ச் 4

பழைய பெட்டி எங்கள் பரணில்தான் கிடக்கிறது. அண்ணி வீட்டைச் சுத்தம் செய்தபோது இங்கே தள்ளிவிட்டாள். அண்ணன் இப்போதெல்லாம் கணினியில் ஆடுகிறானாம். ஏணியில் ஏறி இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது. அதையும் அவன் கணக்கில் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 7, சனி

நேர்மையான விமர்சனம் என்றால் நல்லதையும் சொல்லியாக வேண்டும். சொல்லித் தொலைக்கிறேன்.

குதிப்பு அற்புதம். பட்டனை லேசாகத் தொட்டால் சின்னத் துள்ளல். அழுத்திப் பிடித்தால் நெடிய தாவல். உச்சியில் குடையை விரித்தால் ஆள் இறகுபோல் இறங்குகிறான். விரலுக்கும் அவனுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் என் கட்டைவிரலுக்கு எல்லாம் நினைவிருந்தது. எனக்கே தெரியாமல் உள்ளே எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

முதல் லெவல் ஓர் எழுத்துகூட இல்லாமல் பாடம் நடத்துகிறது. முதலில் தாழ்வான சுவர். அடுத்து கொஞ்சம் உயரமானது. பிறகு விழுந்தாலும் சாகாத பள்ளம். கடைசியாக, விழுந்தால் சாகும் பள்ளம். எனக்கு வாய்த்த மேலாளர்களில் எவனும் இப்படிப் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாரும் நேராகக் கடைசிப் பள்ளத்தில்தான் தள்ளினார்கள்.

மனைவி அறைக்கு வெளியே நின்று பார்த்தாள்.

“என்னங்க, சிரிக்கிறீங்க.”

“சிரிக்கலை. முகம் சுளிக்கிறேன்.”

“பல்லு தெரியுது.”

மார்ச் 9, திங்கள்

அலுவலக எரிச்சல். எழுதாவிட்டால் செரிக்காது.

லிஃப்டைத் தனியாகச் சோதிக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் விதி. ஒருவன் லிஃப்டின் கூரைமேல் நிற்பான், இன்னொருவன் இயந்திர அறையில் இருப்பான். கூரைமேல் சோதனைக்காரனுக்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டுவிட்டால் எந்த மாடியில் யார் பட்டனை அமுக்கினாலும் லிஃப்ட் மதிக்காது. கூரைமேல் இருப்பவன் சொன்னால்தான் கேட்கும். வேலை முடிந்து இறங்கும்போது அதைத் திருப்பிவிட்டு வர வேண்டும்.

இன்று பல்லி மறந்துவிட்டான். (என் உதவியாளன். சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பெயர்.) நாங்கள் சாமான்களை எடுத்துவைக்கிறோம், வரவேற்பறையில் கோட்டுப் போட்ட கூட்டம் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறது.

“சார், லிஃப்ட் கோவிச்சுக்கிச்சு போல.”

“கோவமெல்லாம் இல்லை. நீ சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. சுவிட்சைத் திருப்பினியா?”

பல்லி நிஜப் பல்லியைப் போல ஓடினான். அதற்குள் மேலாளருக்குப் புகார் போய்விட்டது. அந்த மேலாளருக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். “இந்த வயசுல கவனம் சிதறும் சார்” என்று எனக்குப் போனில் ஆறுதல் சொல்கிறான்.

பெயரைக் குறித்துக்கொண்டேன். ஏற்கனவே குறித்ததுதான். அடிக்கோடு போட்டேன்.

மார்ச் 11

நான்காவது லெவல். பனி. தரை வழுக்குகிறது, சரி. மேலேயிருந்து பனி ஈட்டி விழுகிறது, அதுவும் சரி. திரைக்கு வெளியே, கண்ணுக்கே தெரியாத இடத்திலிருந்து விழுந்தால்? சாகாமல் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே முடியாது. இது சவாலா? அயோக்கியத்தனம். முதல் லெவலைக் கட்டிய அதே ஆள்தான் இதையும் கட்டினானா, இல்லை மச்சானிடம் கொடுத்துவிட்டு ஊர்சுற்றப் போனானா?

விமர்சனத்தில் இதற்கு மட்டும் தனிப் பத்தி.

மார்ச் 14, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறாவது லெவல். மேகத்திலிருந்து மேகத்துக்குத் தாவ வேண்டும். மேகங்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. அடுத்த மேகம் எட்டும் தூரத்துக்கு வருவதற்குள் நாம் நிற்கும் மேகம் திரையைவிட்டே போய்விடுகிறது. குழுவில் அத்தனை பேரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தாண்டியவன் அண்ணன் ஒருவன்தான். அந்த விடுமுறையில் மூன்று தடவை. கண்ணால் பார்த்த சாட்சி நான், மறுக்க முடியாது. ஆனால் பிறகு அவனாலும் முடியவில்லை. ஆடிக் காட்டச் சொன்னால், “கை போயிடுச்சுடா” என்பான்.

இன்று மாலை நான் விழுந்துகொண்டே இருந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கண்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஒயரையும் நான்தான் பெட்டியில் செருகியிருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டும் செருகித்தான் இருக்கும். கை தானாகச் செய்துவிட்டது.

திடீரென்று மேகங்கள் நின்றன.

“கேசட் சிக்கிக்கிச்சு” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மேகம் ஓடியது, நான் விழுந்தேன். மறுபடி ஆடினேன். மறுபடி நின்றது.

“நான் தேய்க்கிறப்ப நிக்குதுங்க.”

“அது செத்த கண்ட்ரோலர்மா. ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியட்டும். மேகத்துக்குத் தெரியலையே.”

அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்தது. அவளைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். “உனக்குத் தோணுறப்ப அமுக்கு. அமுக்குறப்ப ‘ம்’ சொல்லு.” அவள் “ம்” என்றபோதெல்லாம் மேகம் நின்றது. விட்டதும் ஓடியது. மற்ற லெவல்களில் சோதித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவதில் மட்டும்.

வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. ஆட்டத்தைக் கட்டியவர்கள் சோதித்துப் பார்க்க, மேகத்தை நிறுத்தும் வழியொன்றை இரண்டாவது கண்ட்ரோலரில் வைத்திருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். அவர்களிடமும் ஒரு பல்லி இருந்திருக்கிறான்.

அப்படியானால் நான் மேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலிருந்து விசிலடித்துக்கொண்டு திரிகிறேனாம். மனைவி சொல்கிறாள்.

யோசிக்க யோசிக்க இனிக்கிறது. அவன் “பிடி” என்றான், நான் பிடித்தேன். மேகம் சில நேரம் நின்று நின்று போகும் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்த விடுமுறையின் கடைசியில் அவன் நண்பன் ஒருவன் வந்து, “ஒருத்தர் ஆடுற கேம்ல இவன் என்னடா பண்றான்?” என்று சிரித்தான். அண்ணனும் சிரித்தான். நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன். திரும்ப எடுக்கவே இல்லை. அன்றோடு அவன் கையும் போனது.

கை எங்கே போனது? என்னோடு எழுந்து போனது.

“போட்டு உடைக்கப்போறீங்களா?” என்று கேட்டாள்.

“ஆயிரம் பேர் முன்னாடி.”

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க அண்ணன் கடையை மூடினதுலேர்ந்து அவருக்கு அந்தக் குழுதான் எல்லாமே. அதுல அவருக்கு இருக்கிற மரியாதையே ஆறாவது லெவலைத் தாண்டினவர்ங்கிறதுதான்.”

“அதுக்கு? என்னை வச்சு நாப்பது வருஷம் சிரிச்சானே.”

“சிரிச்சாரு. இல்லைங்கலை.” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது ரொம்ப நேரம் கேட்கும்.

மார்ச் 18, புதன்

விமர்சனம் முடிந்தது. ‘ஒரு சாதனையாளரின் கை எப்படிப் போனது’ என்று தலைப்பு. இவ்வளவு அழகாக நான் யாரையும் திட்டியதில்லை. இரண்டு தடவை படித்து இரண்டு தடவையும் ரசித்தேன்.

அனுப்பப்போகும் நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். “பெட்டியை இறக்கிட்டியாமே. ஞாயித்துக்கிழமை வரேன்டா. கையெல்லாம் துறுதுறுங்குது.”

இவள் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்தேன். கீரை ஆய்வதில் மும்முரமாக இருந்தாள்.

ஆனால் இதுவும் நல்லதுதான். முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார்கள். அண்ணன் மெலிந்திருக்கிறான். சட்டை தோளில் நிற்கவில்லை. ஆனால் வாய் மட்டும் மெலியவில்லை. செருப்பைக் கழற்றும்போதே, “எங்கேடா என் பொக்கிஷம்?” என்றான்.

தரையில் உட்கார்ந்தான்; முழங்கால் சத்தம் சமையலறைவரை கேட்டிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் லெவலை ஊதித் தள்ளினான். பனி லெவலில் திரைக்கு வெளியேயிருந்து ஈட்டி விழுந்ததும் அந்த லெவலைக் கட்டியவனைக் கண்டபடி ஏசினான். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

ஆறாவது வந்தது. நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி இரண்டாவது கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

“இந்தா, மேகத்தைப் பிடிச்சுக்கோ.”

அண்ணி சிரித்துவிட்டு, “பாவம், தம்பியை விடுங்களேன்” என்றாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

வாங்கிக்கொண்டேன்.

“பிடி” என்றான், கிண்டலாக. அமுக்கினேன். மேகம் நின்றது. அவன் தாவினான். “விடு.” விட்டேன். “பிடி.” மூன்றாவது மேகத்தில் குரலில் கிண்டல் இல்லை. ஐந்தாவதில் அவன் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தான், அந்தக் காலத்தில் சாய்வதுபோலவே. பிடி. விடு. பிடி. அவன் சொல்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே என் விரல் போனது.

குடைக்காரன் கடைசி மேகத்தைத் தாண்டிக் கோட்டையின் உச்சியில் இறங்கிக் குடையை மடக்கினான். ஜெயித்தால் வரும் அந்த அசட்டு இசை வந்தது.

அண்ணன் கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். “கை திரும்பிடுச்சுடா.”

நான் வாயைத் திறந்தேன்.

“உண்மையைச் சொல்லட்டுமா?” என்றான் அவன். “நீ பக்கத்துல உட்கார்ந்தாதான் எனக்கு வருது. அப்பவும் அப்படித்தான். நீ எழுந்து போனப்புறம் ஒரு தடவைகூட முடியலை. எவ்வளவோ கூப்பிட்டேன், நீ வரலை. அந்தக் கதையைச் சொல்றப்பல்லாம் நீ கோவிச்சுக்கிட்டாவது வந்து உட்காருவேன்னு பார்ப்பேன்.”

“கோவம் வந்துச்சு. உட்காரத்தான் தோணலை” என்றேன்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் சொல்ல வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போயிருந்தது. “இன்னொரு ஆட்டம் ஆடுவோமா?” என்றுதான் வாயில் வந்தது.

ஆடினோம். மறுபடியும் ஜெயித்தோம். அண்ணி மணி பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் எங்கள் வீட்டுச் சோபாவிலேயே தூங்கிவிட்டாள்.

மார்ச் 23, திங்கள்

மேலாளர் இன்றும் ஆறுதல் சொன்னான். “பார்த்து சார்” என்றான். சரி என்றேன். அடிக்கோடு போடவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

விமர்சனத்தை எடுத்துத் திருத்தினேன். தலைப்பை அடித்தேன். சாதனையாளர் வரும் இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். பாதி போய்விட்டது, படிக்க முன்னைவிட நன்றாக இருக்கிறது. குதிப்பைப் புகழ்ந்தது அப்படியே இருக்கிறது. பனி லெவலைத் திட்டியதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை, இரண்டு கூட்டினேன். முடிவில் இதைச் சேர்த்தேன்:

‘ஆறாவது லெவல் தனியாள் தாண்டுவதற்கானதல்ல. பழைய பெட்டியில் இரண்டாவது கண்ட்ரோலரையும் செருகுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். நீங்கள் “பிடி” என்றால் அவர் பட்டனை அமுக்கட்டும், “விடு” என்றால் விடட்டும். மேகம் கேட்கும். இது கட்டியவர்கள் செய்த பிழை என்றே நினைக்கிறேன். அந்த ஆட்டத்தில் இருப்பதிலேயே நல்ல இடமும் இதுதான்.’

குழுவுக்கு வருவதையெல்லாம் முதலில் படிப்பவன் அண்ணன். அவன் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். ‘பிடி’, ‘விடு’ என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் யார் எழுதியது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்தால் போதும்.

பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பப்போகிறேன். பிடிப்பதும் விடுவதும் இனி அவன் பாடு.